பாகவதரைச் சாய்த்தது எது?

கேள்வி: எம்.கே. தியாகராஜ பாகவதரின் புகழைச் சாய்த்தது சிறைவாசம்தானே?
– ஒரு வாசகர், புத்தூர், திருச்சி

பதில்: பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பாகவதர் சிக்கிய அதே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறை சென்று, 1947இல் அவரைப் போலவே விடுதலையான நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன் மீண்டும் திரையில் கொடிகட்டிப் பறந்தாரே! பாகவதரைச் சாய்த்தது காலம். 1944இல் வெளியான அவரது ‘ஹரிதாஸ்’ படம் சென்னையில் மூன்று தீபாவளி கண்ட நாளில், பாடத் தெரிந்தவரே கதாநாயகர். பின்னணிப் பாட்டு வேரூன்றியதும் நடிகருக்கு அந்தத் தகுதி தேவைப்படவில்லை; 1952இல் ‘பராசக்தி’ படம் வசனத்தை அரியணை ஏற்றியது. குரல் போய்விட்டது என்பவர்கள், விடுதலைக்குப் பின் வந்த அவரது ‘அமரகவி’ படப் பாடல்களைக் கேட்கட்டும். குரல் இருந்தது, ரசனைதான் இடம் மாறியது. திருச்சி வளர்த்த அந்தப் பாடகர் 1959இல், 49 வயதில் மறைந்தார். வழக்கை விடுங்கள், பாட்டைக் கேளுங்கள்.