பிளேட்டு மாமா

ஞாயிற்றுக்கிழமை காலை பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒருவர், பன்னிரண்டு அங்குலச் சதுரமாக விறைத்து நிற்கும் துணிப்பையோடு நடந்து வந்தால் அதில் காய்கறி இல்லை என்று அடித்துச் சொல்லலாம். எட்டாவது கிராஸில் விற்கிற எந்தக் காயும் அந்த வடிவத்தில் விளைவதில்லை. உள்ளே இருப்பது எல்.பி. ரிக்கார்டு. தூக்கி வருபவர் பிளேட்டு மாமா. அறுபதைத் தாண்டியவர், பென்ஷன்காரர், வீட்டில் ஒரு பீரோவை மாமியின் பட்டுப்புடவைகளிடமிருந்து கைப்பற்றியவர். இவர் ஒருவரல்ல, மார்கோசா ரோடு நெடுகக் கிராஸுக்கு ஒருவராவது தேறுவார்.

மாமாவின் ஒவ்வொரு பிளேட்டுக்கும் மூன்று விலை உண்டு. மாமியிடம், "சிநேகிதர் சும்மா குடுத்தார்டீ." சக பிளேட்டுக்காரரிடம், அவர் வயிறு எரிய வேண்டுமென்பதால், "நூத்தம்பதுதான் சார். விக்கறவனுக்கு அருமை தெரியலை." அந்தச் சக பிளேட்டுக்காரரே விலைக்குக் கேட்டுவிட்டால், "இன்னிக்கு ரெண்டாயிரத்துக்குக் கீழே யார் குடுப்பா, சொல்லுங்கோ?" நிஜ விலை விற்றவருக்கும் காடு மல்லேஸ்வரருக்கும்தான் தெரியும்.

வேட்டை நடக்கும் இடம் சிக்பேட்டைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பழைய மிக்ஸி, ஒற்றைச் செருப்பு, ஓடாத கடிகாரம் இவற்றுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தூசியில் தும்மிக்கொண்டே உறை உறையாகத் தள்ளுவார். சம்பிகே ரோட்டில் மெட்ரோ ஏறினால் மெஜஸ்டிக், அடுத்தது சிக்பேட்டை. போகும்போது கஷ்டமில்லை. திரும்பும்போது காவலர் பையை எக்ஸ்ரே எந்திரத்தில் வைக்கச் சொல்வார். மாமா பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார். "உள்ளே எம்.எல்.வி. இருக்காப்பா." எக்ஸ்ரே பட்டால் அந்தப் பாடகியின் சுருதி இறங்கிவிடுமோ என்று அவருக்கு உள்ளூரப் பயம். பின்னால் வரிசை நீளும். கடைசியில் எம்.எல்.வி. படுத்தபடியே எந்திரத்துக்குள் போய் மறுபக்கம் சேதமில்லாமல் வந்து சேர்வார்.

கண்காட்சி சி.டி.ஆர். ஓட்டலில். பெயர் ஸ்ரீ சாகர் என்று மாறி எத்தனையோ காலமாகியும் மல்லேஸ்வரத்துக்கு அது சி.டி.ஆர்.தான். ஏழாவது கிராஸ் முனையில் மேஜைக்குக் காத்து நிற்கும் கூட்டத்திலேயே நாலைந்து துணிப்பைகள் தென்படும். யார் முதலில் எடுப்பது என்று ஒரு மௌனப் போட்டி நடக்கும். எடுத்தாகிவிட்டால் சடங்குகள் ஆரம்பம். முதலில் உறையை முகர வேண்டும். பூஞ்சை வாடை கொஞ்சம் இருந்தால் அசல், தூக்கலாக இருந்தால் ஏமாந்தாயிற்று. பிறகு பிளேட்டை விளிம்பிலும் நடு லேபிளிலும் மட்டும் விரல் படும்படி ஏந்தி, வெயிலுக்குச் சாய்த்துக் கீறல் பார்க்க வேண்டும். கடைசியாக, பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் முன் உள்ள வழவழப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஜாதகம் பார்ப்பதுபோல வாசிக்க வேண்டும்.

"கல்கத்தா டம்டம் ஆலைல அடிச்சது சார். மொதல் அச்சு."

"அப்படியா? லேபிள் கலரைப் பாத்தா அப்புறம் வந்ததுன்னா தோண்றது!"

இதைவிடப் பெரிய வசவு அந்த வட்டாரத்தில் கிடையாது. மாமா பதில் சொல்வதற்குள் மேஜை காலியாகி, பெண்ணெ மசாலை தோசை வந்து, வாழைத்தண்டு நிறத்தில் வெண்ணெய் உருகி ஓடும். எதிரில் இருப்பவர் ஒரு விள்ளல் போட்டுக்கொண்ட கையோடு, "எங்கே, இன்னொரு தரம் பாக்கலாம்" என்று நீட்டுவார். "வெண்ணெய்க் கை! வெண்ணெய்க் கை!" என்று மாமா போடும் கூச்சலில் சர்வர் சட்னிக் கிண்ணத்தை எம்.எல்.வி.யின் முகத்தருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

வட்டத்தில் உபதெய்வங்களும் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர், 1963இல் வந்த எம்.எஸ். சுப்ரபாதத்தைப் பெருமையாக எடுத்து நீட்டினால், "இன்னொண்ணு வேணுமா? எங்கிட்ட ஆறு இருக்கு" என்று ஆசீர்வாதம் கிடைக்கும். சி.டி.க்காரர் பாவம், பழசுக்குப் புதுசு, புதுசுக்குப் பழசு, அவரைக் கூப்பிடுவாரில்லை. ஐ.டி. பையன் ஒருவன் மூவாயிரத்துச் சொச்சத்துக்குப் புது எல்.பி. வாங்கியிருக்கிறான், வீட்டில் பிளேயர் இல்லை, சுவரில் மாட்டியிருக்கிறான் என்று கேள்விப்பட்ட அன்று மாமாவுக்குக் காபி இறங்கவில்லை. இளையராஜா பக்தரின் 1986 'ஹவ் டு நேம் இட்' வந்தால் மட்டும் மாமா நெளிவார். அவரிடமும் ஒன்று இருக்கிறது. "அது தியாகராஜருக்குச் சமர்ப்பணம் பண்ணினது சார், அதனால வெச்சிண்டிருக்கேன்" என்பார். சமர்ப்பணத்தில் கூடவே மேல்நாட்டு பாஹ் பெயரும் உண்டு. அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார்.

மாமாவின் நிஜச் செல்வம் பழைய 78 சுற்று அரக்குப் பிளேட்டுகள். ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிஷம்தான் பாட முடியும். ஆலாபனை, கிருதி, ஸ்வரம் எல்லாவற்றையும் ஜி.என்.பி. போன்றவர்கள் அதற்குள் அடைத்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கு அரைமணி நேரம் ராகத்தைத் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தப் பிளேட்டைப் போட்டுக் காட்டலாம் என்று எனக்கும் தோன்றும். ஆனால் மாமா போட்டால்தானே? அந்த மூன்று நிமிஷத்துக்கு முன்னால் முக்கால் மணி நேர முன்னுரை: எந்த வீட்டுப் பரணில் கிடந்தது, யார் கைமாற்றினார்கள், பேரம் எங்கே முறிந்து எங்கே படிந்தது. முன்னுரை முடிவதற்குள் மாமி சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்.

சரி, தனியாக இருக்கும்போதாவது கேட்கிறாரா? ஊசி தேய்ந்துவிடும், பிளேட்டும் தேயும். ஆகவே உறையைக் கையில் பிடித்து அட்டைப்படத்தைப் பார்த்துக்கொண்டே, அதே பாட்டைக் கைப்பேசியில் யூடியூபில் போட்டுக் கேட்பார். நடுவே குறுக்கிடும் சோப்பு விளம்பரத்தையும் கண்ணை மூடி ரசிப்பார்.

அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை ஒருநாள் சொன்னான்: "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம்ப்பா. பிளேட்டு உடைஞ்சாலும் பாட்டு போகாது. இங்கே யாருக்கு வேணும்னாலும் அனுப்பலாம்."

மாமா பீரோவைச் சாத்திச் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டார்.

"எல்லார்கிட்டயும் இருந்தா அப்புறம் ஞாயித்துக்கிழமை நான் என்னத்தைடா எடுத்துண்டு போறது?"