தூண்டில் போட்டு ஆளைத் தள்ளுவது எப்படி?

முதலில் மீனை மறந்துவிடுங்கள். மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் தூண்டில் 2010-லேயே வந்துவிட்டது. கொண்டுவந்தவர்களின் எண்ணம் என்னவோ நல்ல எண்ணம்தான்: நாள் முழுக்கச் சுரங்கம் தோண்டிக் களைத்தவர் தண்ணீர் ஓரமாக நின்று, தக்கை அமிழும்வரை காத்திருந்து, நாலு மீனைச் சுட்டுச் சாப்பிடட்டும். ஆட்டக்காரர்களுக்குக் காத்திருக்க ஏது நேரம்? சண்டைச் சர்வர்களில் அதைச் சக ஆட்டக்காரரின் நெஞ்சுக்கு நேராக எறிந்து பார்த்தார்கள். எறி வாங்கியவர் வெட்டுப்பட்டவர் போல உடம்பெல்லாம் சிவந்து, துள்ளி, பின்னால் போனார். அவருடைய பத்து இதயங்களில் அரை இதயம்கூடக் குறையவில்லை. அப்புறம் யாருக்கு வேண்டும் மீன்?

இந்தக் கலையைக் கற்க வருபவர்களுக்குத்தான் இந்த யோசனைகள். மானம், மரியாதை, நட்பு இவற்றில் எதையாவது காப்பாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் வில்லம்பு பழகலாம். நல்ல ஆயுதம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ஆயுதச் செலவு மூன்று குச்சி, இரண்டு நூல். குச்சி எந்த மரத்திலும் கிடைக்கும். நூலுக்குச் சிலந்தியைக் கொல்ல வேண்டும். அதுவும் ஒரு சிலந்தி செத்தால் இரண்டு நூலும் தரும், ஒன்றும் தரும், சும்மாவும் போய்ச் சேரும். குச்சிகளைக் கட்டத்தில் மூலைவிட்டமாக அடுக்கி, வலது ஓரத்தில் குச்சிக்குக் கீழே நூல் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள். தீர்ந்தது வேலை. வைர வாள் வேண்டுமென்றால் பாதாளம்வரை குடைந்து, எரிமலைக் குழம்பில் விழாமல் திரும்பிவர வேண்டும். தூண்டிலுக்கு ஒரு சிலந்தியோடு மனஸ்தாபம் போதும்.

அடுத்து, எந்தப் பதிப்பில் ஆடுவது. இதில் அசட்டையாக இருக்காதீர்கள், கலை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது 2014 செப்டம்பரில் வந்த 1.8 பதிப்பு. புத்தம்புதுப் பதிப்பில் தூண்டிலை எறிந்தால் முள் எதிராளியின் சட்டையில் போய்த் தொங்கும். அவர் அதைக் கண்டுகொள்ளாமல் நடந்து வந்து உங்களை வெட்டிவிட்டுப் போவார். 2016 பிப்ரவரி 29 அன்று வந்த 1.9 பதிப்பு செய்த வேலை இது. அதுவரை மவுஸைத் தட்டுகிற வேகத்துக்கு வாள் வெட்டிக்கொண்டிருந்தது. 1.9-இல் ஒரு வெட்டுக்குப் பிறகு வாள் முழுப் பலத்துக்குத் திரும்ப அரை நொடிக்கும் கொஞ்சம் மேலே ஆகும் என்று ஆக்கிவிட்டார்கள். கேடயம் கொடுத்தார்கள், இரண்டாவது கையையும் கொடுத்தார்கள். கொடுத்த கையோடு தூண்டிலின் தள்ளலை எடுத்துக்கொண்டார்கள். பழைய தூண்டில்காரர்கள் இன்னும் அந்தத் துக்கத்திலிருந்து மீளவில்லை. பாவம், திதி கொடுக்கலாம் என்றாலும் நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் அந்தத் தேதி வருகிறது.

இனி வித்தைக்கு வருவோம். தூண்டில் ஏன் தள்ளியது? 1.8-இல் முள் ஆள்மேல் பட்டவுடன் ஆட்டம் அதை ஒரு தாக்குதலாகப் பதிவு செய்யும். எவ்வளவு காயம் என்ற இடத்தில் பூஜ்யம் போடும். பூஜ்யம்தானே என்று பக்கிட், ஸ்பிகாட் வகைச் சர்வர்கள் அதைக் கழித்துக் கட்டவில்லை. அடி என்று எழுதியாகிவிட்டது, அடி வாங்கியவன் பின்னால் போக வேண்டும், போனான். குமாஸ்தா மூளை என்பது இதுதான்: ரசீதில் தொகை இல்லாவிட்டாலும் முத்திரை விழுந்திருந்தால் கோப்பு நகரும்.

இந்தக் குமாஸ்தாவிடம் இன்னொரு விதியும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளாமல் களத்தில் இறங்காதீர்கள். அடி வாங்கியவருக்கு அரை நொடிப் பாதுகாப்புக் கிடைக்கும். விளையாட்டின் கடிகாரம் நொடிக்கு 20 முறை துடிக்கிறது, அதில் 10 துடிப்பு. அந்த நேரத்தில் முந்தைய அடிக்குச் சமமான அடியோ குறைந்த அடியோ விழுந்தால் செல்லாது. கூடுதலான அடி விழுந்தால் வித்தியாசம் மட்டும் கழியும். இப்போது கணக்குப் போடுங்கள். முதலில் தூண்டில் எறிந்தீர்கள்: அடி பூஜ்யம். உடனே வாளால் வெட்டினீர்கள்: வெட்டிலிருந்து பூஜ்யத்தைக் கழித்தால் முழு வெட்டும் அப்படியே விழுகிறது. மாறாக, முதலில் வெட்டிவிட்டு அவசரத்தில் தூண்டிலை எறிந்தால் வெட்டைவிடப் பூஜ்யம் சிறியது என்று சர்வர் உங்கள் தூண்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே தூண்டில் முன்னே, வாள் பின்னே. கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனை முன்னால் அனுப்பும் வழக்கம் உள்ளவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

திரையின் கீழே இருக்கும் ஒன்பது கட்டங்களில் முதலாவதில் வாள், இரண்டாவதில் தூண்டில். இந்த வரிசையை மாற்றாதீர்கள். சண்டை நடுவில் கட்டத்தைத் தேடினால் கையில் ரொட்டி வந்து நிற்கும். எதிராளி ஓடி வருகிறார். வாள் எட்டுவது மூன்று கட்டைத் தூரம். அதற்கு வெளியே, ஏழெட்டுக் கட்டை தள்ளி இருக்கும்போதே 2-ஐ அழுத்தி ரைட் கிளிக். முள் நேர்கோட்டில் போகாது, வளைந்து இறங்கும், ஆகவே தூரத்து ஆளுக்குத் தலைக்குச் சற்று மேலே குறி வையுங்கள். பட்டதும் அவர் ஓட்டம் தடுமாறும். நீங்கள் அதற்குள் 1-ஐ அழுத்தி ஓடிப்போய் முதல் வெட்டைப் போட்டிருக்க வேண்டும். முதல் வெட்டு யாருடையதோ, தொடர் வெட்டும் பெரும்பாலும் அவருடையதே. நீங்களே தொடர் வெட்டில் மாட்டிக்கொண்டு பந்துபோல் பின்னால் போய்க்கொண்டிருக்கிறீர்களா? அப்போதும் தூண்டில்தான் கதி. ஒரு எறி பட்டால் அவர் பின்னால் போவார், உங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

பிங் அதிகமுள்ளவர்கள் இந்தப் பத்தியைக் கண்ணீரோடு படிக்கவும். உங்களுக்கும் சர்வருக்கும் நடுவே 200 மில்லிநொடி என்றால், அதற்குள் விளையாட்டின் கடிகாரம் நாலு முறை துடித்துவிடும். ஓடி வருகிறவர் நொடிக்கு ஐந்தரைக் கட்டைக்கு மேல் கடப்பார். அதாவது திரையில் நீங்கள் பார்த்துக் குறி வைத்த ஆள் உண்மையில் ஒரு கட்டை முன்னால் வந்துவிட்டார். எங்கே இருக்கிறார் என்று பார்க்காதீர்கள், எங்கே இருப்பார் என்று யூகித்து எறியுங்கள். குறி தப்பினால் லேக் என்று சாட்டில் எழுதுங்கள். குறி பட்டால் எழுத வேண்டாம்.

சிலர் வெற்றி மயக்கத்தில் முள் பட்டதும் தூண்டிலைச் சுருட்டி இழுப்பார்கள். செய்யாதீர்கள். 1.8-இல் ஆளை மாட்டி இழுத்தால் தூண்டிலின் ஆயுள் மூன்று புள்ளி தேயும், தரையில் மாட்டி இழுத்தால் இரண்டு, மீனோடு இழுத்தால் ஒன்று. இழுக்காமல் வாளுக்கு மாறிவிட்டால் முள்ளும் நூலும் தாமாக மறைந்துவிடும், தேய்மானம் சல்லிக்காசு கிடையாது. இதில் உள்ள அநியாயத்தைக் கவனியுங்கள். தினமும் குளக்கரையில் நின்று குடும்பத்துக்கு மீன் பிடிக்கிற யோக்கியனின் தூண்டில் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் கையிலேயே முறிகிறது. ஊரில் உள்ளவர் முகத்திலெல்லாம் முள்ளை எறிகிறவன் கையில் அது நித்திய சிரஞ்சீவி. ஆகவே சண்டைத் தூண்டிலுக்கு அன்பிரேக்கிங் மந்திரம் ஏற்றி அனுபவப் புள்ளியை வீணடிக்காதீர்கள். லூர், லக் ஆஃப் தி ஸீ இரண்டும் மீனுக்கானவை. மூன்றாம் நிலை லூர் ஏற்றிய தூண்டிலைக் கண்டு மனிதன் மயங்கி வந்த செய்தி இதுவரை இல்லை.

பூஜ்யக் காயம் என்று ஏளனம் செய்பவர்களை ஆகாயத் தீவுகள் உள்ள களத்துக்குக் கூட்டிப் போங்கள். ஒரு கட்டை அகலப் பாலத்தில் எதிராளி குனிந்து குனிந்து கட்டைகளை வைத்துக்கொண்டு வருகிறார், கீழே ஒன்றுமே இல்லை. நீங்கள் தூண்டிலை எறிகிறீர்கள். நீங்கள் அவரைக் காயப்படுத்தவே இல்லை. எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்யலாம். அவர் இறந்ததற்குக் காரணம் அவருக்குக் கீழே தரை இல்லாதது. அதற்கு நீங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?

இப்போது, புதுப் பதிப்பை விட மனமில்லை, பழைய தூண்டிலும் வேண்டும் என்கிற பேராசைக்காரர்களுக்கு. உங்களைப் போன்றவர்களுக்காகவே ஓல்ட் காம்பாட் மெக்கானிக்ஸ் என்றொரு செருகுநிரல் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டக்காரரும் தன் கணினியில் மாட் போட வேண்டியதில்லை, சர்வரின் பிளகின்ஸ் கோப்புறையில் போட்டால் போதும். 1.9 ஒழித்த பழைய சண்டை வழக்கங்களை ஒவ்வொன்றாக மீட்டுத் தரும், வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை அணைக்கலாம். அதன் அமைப்புக் கோப்பில் தூண்டில் பகுதியைத் திறந்து பாருங்கள். காயம் என்ற இடத்தில் 0.0001 என்று இருக்கும். இப்போதைய ஆட்டம் ஆள்மேல் விழும் பூஜ்ய அடியை அடியாகவே மதிப்பதில்லை. பூஜ்யம்போலவே இருக்க வேண்டும், ஆனால் பூஜ்யமாக இருக்கக்கூடாது. இவ்வளவு சூட்சுமமான எண்ணை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒருவரின் மொத்த உயிர் 20 புள்ளி. இந்தத் தூண்டிலால் மட்டும் ஒருவரைக் கொல்வதென்றால் இரண்டு லட்சம் முறை எறிந்தாக வேண்டும். அரை நொடிப் பாதுகாப்பையும் சேர்த்துக்கொண்டால் நொடிக்கு இரண்டு எறிக்கு மேல் பலிக்காது. ஒரு லட்சம் நொடி, ஏறக்குறைய இருபத்தெட்டு மணி நேரம். அதுவரை அவர் கவசம் போடக்கூடாது, ஒரு வாய் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளவும் கூடாது. ஒத்துழைப்பார் என்று தோன்றினால் முயலலாம்.

அந்தப் பகுதியிலேயே இழுப்பதை நிறுத்தும் வசதியும் இருக்கிறது. அது எதற்கென்றால், 1.9 தள்ளலை எடுத்ததோடு நிற்கவில்லை, சுருட்டினால் ஆட்டக்காரரே உங்கள் பக்கம் இழுபட்டு வரும்படியும் செய்துவிட்டது. வாளோடு நிற்கிறவரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதில் என்ன லாபம் என்று யோசித்தார்களோ தெரியாது. பாலத்திலிருந்து விழப்போகும் நண்பரைக் காப்பாற்ற உதவும் என்பார்கள். தூண்டில்காரனுக்கு ஏது நண்பர்? இழுப்பை நிறுத்திவிடுங்கள்.

நேரடியாகக் காயப்படுத்தும் தூண்டில்தான் வேண்டும் என்பவர்கள் டெர்ரேரியா என்ற இன்னொரு விளையாட்டுக்குப் போகலாம். அசல் டெர்ரேரியாவில் தூண்டில் ஈயைக்கூட நோகடிக்காது. சொல்லப்போனால் அங்கே நிலைமை தலைகீழ்: டிரஃபிள் புழுவை இரையாகக் கோத்துக் கடலில் போட்டால் டியூக் ஃபிஷ்ரான் என்ற பன்றி மூஞ்சி அசுரமீன் எழுந்து வந்து தூண்டில் போட்டவரைத் துரத்தித் துரத்தி அடிக்கும். இந்த அவமானத்துக்குப் பழிதீர்க்கவோ என்னவோ உனு பேட்டில் ராட்ஸ் என்ற மாட் வந்தது. அதில் எறிகிற தக்கை எதிரியின் மேலேயே ஒட்டிக்கொண்டு விட்டு விட்டுக் கடித்துக்கொண்டே இருக்கும். வாள், வில், மந்திரம் போலத் தூண்டிலும் அங்கே முறைப்படி ஓர் ஆயுதம். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. காயம் தருகிற தூண்டில் எல்லாரும் மதிக்கிற ஆயுதமாகிவிடுகிறது, மதிப்பு வந்ததும் எரிச்சலூட்டும் சக்தி போய்விடுகிறது. வாளால் தோற்றவர் நன்றாக ஆடினீர்கள் என்று எழுதுவார். மைன்கிராஃப்டில் தூண்டிலால் தோற்றவர் எழுதுவதை இங்கே அச்சிட முடியாது.

அதற்கும் தயாராக இருங்கள். எறிந்த மறுகணமே சாட் பெட்டியில் உங்கள் வம்சாவளி விசாரிக்கப்படும். பதில் எழுத நினைக்காதீர்கள், தட்டச்சு செய்யும்போது கை எறிகிற வேலையைச் செய்யாது. மிஞ்சிப்போனால் ஆட்டம் முடிந்தபின் ஒரு மீன் பொம்மையை அனுப்பலாம்.

ஒரே ஒரு ஆளிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது. எதிரே நிற்பவரும் இரண்டாவது கட்டத்தில் தூண்டில் வைத்திருக்கிறார் என்றால், நீங்கள் எறிவீர்கள், அவர் பின்னால் போவார். அவர் எறிவார், நீங்கள் பின்னால் போவீர்கள். இரண்டு பேர் வாளும் உறையைவிட்டு வெளியே வராது. பார்வையாளர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். அந்த மாதிரி நேரத்தில் மூன்றாவது கட்டத்தில் வில்லும் நாலாவதில் கொஞ்சம் சுட்ட மீனும் வைத்திருப்பது நல்லது. மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள், தூண்டிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்க வேண்டாம்.