கரியைக் குடித்த கனவான்கள்

காபி வறுப்பதைத் தொழிலாக வைத்திருப்பவன் வெளியூர் போகக் கூடாது. போனால் கூட வருகிறவர்களுக்கு நிம்மதி இருக்காது. கோயில் வாசலில் செருப்பை விடும்போதே, எதிர் ஓட்டலிலிருந்து வரும் வாசனையை வைத்து, "ரோபஸ்டா 60, சிக்கரி 40, வறுத்து இரண்டு மாசம் ஆச்சு" என்று நான் சொல்லிவிடுவேன். சாமி கும்பிட வந்த என் மனைவி அதற்கு ஏன் முறைக்கிறாள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நெடுஞ்சாலை மோட்டல் காபியைப் பற்றி ஆரம்பித்தால் ரத்த அழுத்தம் ஏறும், ஆகையால் அதை விட்டுவிடுகிறேன். சமீப காலமாக என் பயணமெல்லாம் பழைய நூற்றாண்டுகளுக்குத்தான். பஸ் கட்டணம் கிடையாது. கெட்ட காபிக்கு வேறு யாரோ காசு கொடுத்திருப்பார். அவர் முகம் போன போக்கை மட்டும் நாம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

அப்படிப் படித்ததில் எனக்கு ஒரு சந்தேகம் வந்து, அது இப்போது தீர்ப்பாகவே முற்றிவிட்டது. ஊர் ஊராகப் போய்க் காபி குடித்து, 'இதுவும் ஒரு பானமா' என்று எழுதிவைத்த பெரிய மனிதர்கள் எல்லாரும் காபியைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டு, வறுத்தவனைத் திட்டியிருக்கிறார்கள்.

ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்து வைத்தியர் லியோன்ஹார்ட் ரவ்வோல்ஃப் இந்தக் குற்றத்தில் சேராதவர். அவர் மைத்துனர் பெரிய வியாபாரி. கிழக்குத் தேசத்தில் மூலிகை, மருந்துச் சரக்கு ஏதாவது தேறுமா என்று பார்க்க அனுப்பிவைத்தார். 1573-ல் அலெப்போ போய்ச் சேர்ந்த வைத்தியர் அங்கே ஒரு காட்சியைப் பார்த்தார். காலங்கார்த்தாலே ஜனங்கள் வட்டமாக உட்கார்ந்து, பீங்கான் கிண்ணத்தில் ஏதோ ஒரு கறுப்புத் திரவத்தை நாக்குப் பொசுங்கும் சூட்டில் ஒவ்வொரு வாய் உறிஞ்சி, அடுத்தவருக்குக் கை மாற்றிக்கொண்டிருந்தார்கள். நிறம் மை மாதிரி, வயிற்றுக்கு நல்லது என்று ரவ்வோல்ஃப் குறித்துக்கொண்டார். 1582-ல் வந்த அவருடைய புத்தகத்தில்தான் காபி குடிப்பதைப் பற்றிய வர்ணனை முதன்முதலாக ஐரோப்பாவில் அச்சேறியது. நிறத்தைச் சொன்னாரே தவிர ருசியில் குறை சொல்லவில்லை. அலெப்போக்காரன் பதமாக வறுத்திருக்கிறான் என்று அர்த்தம். மைத்துனரின் கம்பெனி மட்டும் 1574-லேயே திவாலாகிவிட்டது. மூலிகை தேடிய நேரத்தில் நாலு மூட்டை காபிக்கொட்டை ஏற்றி அனுப்பியிருக்கலாம். வைத்தியரை வியாபாரத்துக்கு அனுப்பினால் இப்படித்தான்.

அடுத்து வருகிறவர் ஜார்ஜ் சாண்டிஸ் துரை. இங்கிலாந்தில் யார்க் நகரத்து ஆர்ச்பிஷப்பின் மகன். பின்னாளில் லத்தீன் காவியம் மொழிபெயர்த்தவர். 1610-ல் புறப்பட்டுத் துருக்கி, எகிப்து எல்லாம் சுற்றிவிட்டு 1615-ல் புத்தகம் போட்டார். காபி புகைக்கரி நிறத்தில் இருக்கிறது, ருசியும் ஏறக்குறைய அதேதான் என்பது அவருடைய முடிவு. எனக்குக் கோபம் வரவில்லை, பரிதாபம்தான் வந்தது. மனிதர் குடித்தது நிஜமாகவே கரி.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். பச்சைக் கொட்டையைச் சூட்டில் போட்டால் முதலில் மஞ்சளாகும், வைக்கோல் வாடை அடிக்கும். இந்தக் கட்டத்தில் எடுத்தால் மாடுதான் குடிக்கும். பிறகு பழுப்பேறி, 200 டிகிரி வாக்கில் சோளம் பொரிவது போல் பட் பட்டென்று வெடிக்கும். அதற்குப் பிறகுதான் வறுப்பவனுக்கு உத்தியோகமே. காது வெடிப்பில், மூக்கு புகையில், கை மதகில். 225-ஐ நெருங்கும்போது இரண்டாவது வெடிப்பு, சன்னமாகச் சடசடக்கும். கொட்டையின் மேல் எண்ணெய் மினுக்கும். அங்கேயும் விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரோடு அரசியல் பேசினால், டிரம்முக்குள் இருப்பது சாண்டிஸ் துரைக்குக் கொடுத்த சரக்கு. அந்தக் காலத்தில் டிரம்மும் இல்லை, வெப்பமானியும் இல்லை. இரும்புச் சட்டியில் போட்டு அடுப்பின் மேல் கிளறினார்கள். கிளறுகிறவன் வீதியில் போகிற வெள்ளைக்காரத் துரையை வேடிக்கை பார்த்திருப்பான். துரையின் காபி கரியானதற்குத் துரையே காரணமாக இருந்திருக்கவும் கூடும்.

சாண்டிஸ் அத்தோடு நிற்கவில்லை. பழைய ஸ்பார்ட்டாக்காரர்கள் குடித்த கறுப்புக் குழம்பு ஒருவேளை இதுதானோ என்று ஒரு ஆராய்ச்சியும் செய்தார். அந்தக் குழம்பு பன்றி ரத்தமும் உப்பும் வினிகரும் சேர்த்துக் காய்ச்சியது என்பார்கள். அதன் புகழைக் கேட்ட பான்டஸ் தேசத்து ராஜா ஒரு ஸ்பார்ட்டா சமையல்காரனை விலைக்கு வாங்கி, குழம்பு வைக்கச் சொல்லி, ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாராம். எங்கள் ஊர் ஆற்றில் குளித்துவிட்டு வந்து குடித்தால்தான் ருசி தெரியும் என்றானாம் சமையல்காரன். சமையல் மோசம் என்றால் தண்ணீர் மேல் பழி போடுவது அன்றைக்கே இருந்திருக்கிறது. எது எப்படியோ, பன்றி ரத்தத்தையும் காபியையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த ஆராய்ச்சியாளரின் நாக்கை நம்பி நான் ஒரு கிலோ கூட வறுக்க மாட்டேன்.

அவர் ஊர்க்காரர்களும் கடைசியில் காபிக்கு வந்து சேர்ந்தார்கள். 1652-ல் லண்டன் கார்ன்ஹில் பகுதியில் ஒரு சந்துக்குள் பாஸ்குவா ரோஸே என்பவர் கடை போட்டார். துருக்கி வியாபாரத்திலிருந்து திரும்பிய டேனியல் எட்வர்ட்ஸ் என்ற வணிகரிடம் வேலை பார்த்தவர். கடைக்கு ஒரு துண்டுப் பிரசுரமும் அச்சடித்தார். ஜீரணம், தலைவலி, கண்வலி, நீர்க்கோவை, மூட்டுவாதம் என்று எல்லாவற்றுக்கும் காபி. குடிப்பதற்கு ஒரு மணி முன்பும் பின்பும் எதுவும் சாப்பிடக் கூடாது, தாங்கக்கூடிய மட்டும் சூடாகக் குடிக்க வேண்டும். பழனி பஸ் ஸ்டாண்டில் லேகியம் விற்பவர் கூட இவ்வளவு வியாதிகளுக்குப் பொறுப்பேற்க மாட்டார். ருசியைப் பற்றி மட்டும் மனிதர் வாய் திறக்கவில்லை. விற்கிறவனுக்குச் சரக்கு தெரியும்.

கடைகள் பெருகின. ஒரு பென்னி கொடுத்தால் காபியோடு ஊர் வம்பும் கிடைத்தது. உடனே சர்க்கார் மூக்கை நுழைத்தது. 1660-ல் வரி போட்டார்கள். கொட்டைக்குப் போட்டிருந்தால் புத்திசாலித்தனம். காய்ச்சிய காபிக்கு, காலனுக்கு 4 பென்ஸ் என்று போட்டார்கள். வரி அதிகாரி வந்து அளக்க வேண்டுமே! அதற்காகக் கடைக்காரர்கள் மொத்தமாகக் காய்ச்சிப் பீப்பாயில் ஊற்றிவைத்து, அளந்து முடித்தபின், கேட்கிறவர்களுக்கு மறுபடி சுடவைத்துக் கொடுத்தார்கள். ஆறிய காபியை மீண்டும் சூடுபண்ணினால் என்ன ஆகும் என்று நம் வீட்டுக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். லண்டனில் அது சட்டத்தின் ஆசியோடு நடந்தது. விஞ்ஞானிகள், கவிஞர்கள், கப்பல் இன்ஷூரன்ஸ்காரர்கள் எல்லாம் அந்தக் கடைகளில் உட்கார்ந்து புது உலகத்தை உருவாக்கினார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் சிலாகிக்கிறார்கள். அந்தக் காபியைக் குடித்துவிட்டு இவ்வளவு செய்தார்கள் என்றால், நல்ல டிகாஷன் கிடைத்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பார்களோ!

1674-ல் பெண்கள் பெயரில் ஒரு விண்ணப்பம் அச்சாகி வந்தது. இந்த நாற்றமெடுத்த சாக்கடைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து எங்கள் வீட்டுக்காரர்கள் ஒன்றுக்கும் உதவாதவர்களாகிவிட்டார்கள் என்பது அதன் சாரம். 'ஒன்றுக்கும்' என்பதன் விவரம் இந்தப் பத்திரிகையில் வேண்டாம். மறுவருஷம் டிசம்பர் 29-ம் தேதி இரண்டாம் சார்லஸ் மன்னர் காபிக் கடைகளை எல்லாம் ஜனவரி 10-ம் தேதிக்குள் மூடச் சொல்லி ஆணை போட்டார். மன்னருக்குப் பெண்களின் குறை பற்றிக் கவலையில்லை. கடையில் உட்கார்ந்து தன்னைப் பற்றி வம்பு பேசுகிறார்கள் என்பதுதான் கவலை. ஊர் கொதித்தது. கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மன்னர் ஆணையை வாபஸ் வாங்கினார்.

காபியை ஒழிக்கக் கிளம்பியவர்களில் இவர் மூத்தவரும் இல்லை. 1511-லேயே மெக்காவில் கைர் பேக் என்ற அதிகாரி, ராத்திரியில் சிலர் கூடிக் காபி குடிப்பதைப் பார்த்துவிட்டு விசாரணை வைத்தார். வைத்தியர்கள் சாட்சி சொன்னார்கள். சபையில் ஒருவர் ஆர்வக்கோளாறில் எழுந்து, "காபி குடித்தால் மது குடித்தது போலவே போதை ஏறுகிறது" என்று சொல்லிவிட்டாராம். மதுவின் போதை உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு அவரை அடித்தார்கள் என்று ஒரு கதை. தடை வந்தது. காபி மூட்டைகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். யோசித்துப் பாருங்கள், ஊர் பூராவும் காபி வறுபடும் வாசனை! எந்தக் கடைக்காரனுக்கும் இப்படி ஒரு விளம்பரம் அமைந்ததில்லை. கெய்ரோவிலிருந்த சுல்தான் சீக்கிரமே தடையைத் தளர்த்திவிட்டார்.

அரேபியாவிலிருந்து நம் பக்கம் காபியைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பாபா புடனைப் பற்றி ஒரு வார்த்தை. ஹஜ் யாத்திரை போனவர் 7 கொட்டைகளை ஒளித்து எடுத்துவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்பது ஐதீகம். மலைக்கே அவர் பெயர். எனக்கு அதில் ஒரே ஒரு சங்கடம். வறுத்த கொட்டை முளைக்காது. எங்கள் தொழிலுக்குச் சோறு போடுகிற மகான், எங்கள் ஆட்களின் கை படாத கொட்டையாகப் பார்த்து எடுத்ததால்தான் மகான் ஆனார்.

மறுபடி கரிக்கு வருவோம். பதினான்காம் லூயியின் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு 1671-ல் பிரான்ஸுக்குப் போனவர் லீஸலாட் என்ற ஜெர்மன் இளவரசி. வெர்சாய் அரண்மனையில் உட்கார்ந்துகொண்டு பிறந்த வீட்டுக்குக் கடிதங்களாக எழுதித் தள்ளினார். பிரெஞ்சுச் சமையல் பிடிக்கவில்லை. தேநீர் வைக்கோலும் சாணியும், சாக்லேட் திகட்டல், காபி புகைக்கரி. சாண்டிஸ் சொன்ன அதே கரி! ஐம்பது வருஷத்துக்கு மேல் போயும் ஐரோப்பாவில் எவனும் அடுப்பைத் தணிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அம்மணிக்கு வேண்டியிருந்தது ஊர்ப் பக்கத்து பீர் சூப். காலையில் பீரைச் சுடவைத்து முட்டையும் வெண்ணெயும் கலக்கி ரொட்டியோடு குடிப்பார்கள். புக்ககத்தில் பழையது கிடைக்காத பெண்ணின் ஏக்கம் எனக்குப் புரிகிறது. பீர் சூப்தான் புரியவில்லை.

அந்த சூப்பைச் சட்டமாகவே ஆக்கப் பார்த்தவர் பிரஷ்யாவின் ராஜா இரண்டாம் ஃபிரெடெரிக். சரித்திரப் புத்தகங்களில் மகா ஃபிரெடெரிக். எங்கள் தொழிலில் அவருக்கு வேறு பெயர், அச்சில் ஏறாது. காபிக்காகத் தேசத்துப் பணம் வெளியே போகிறது என்பது அவர் வயிற்றெரிச்சல். 1777-ல் அவர் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. ஜனங்கள் பீர் குடிக்க வேண்டும், ராஜாவே பீர் குடித்து வளர்ந்தவர், பீர் குடித்த சிப்பாய்கள்தான் யுத்தங்களை ஜெயித்தார்கள் என்றது. ராஜா மட்டும் காபியை விடவில்லை. ஷாம்பெயினில் காய்ச்சிக் கடுகுப் பொடி தூவிக் குடிப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. கடுகு வரைக்கும் வந்தவர் கறிவேப்பிலையும் பெருங்காயமும் சேர்த்திருந்தால் ரசமாகவாவது தேறியிருக்கும்.

1781-ல் அடித்தார் பாருங்கள், எங்கள் மடியிலேயே. காபி வறுக்கும் உரிமை சர்க்காருக்கு மட்டும் என்று சட்டம். பிரபுக்கள், அதிகாரிகள், பாதிரிமார் என்று மேல்தட்டுக்கு லைசென்ஸ். மற்றவன் வீட்டில் சட்டியை அடுப்பில் வைத்தால் குற்றம். கண்டுபிடிக்க, யுத்தத்தில் அடிபட்டு ஓய்ந்திருந்த பழைய சிப்பாய்களை வேலைக்கு வைத்தார்கள். சுமார் 400 பேர். உத்தியோகம், தெருத்தெருவாக மூக்கைத் தூக்கிக்கொண்டு போய் மோப்பம் பிடிப்பது. ஜனங்கள் அவர்களுக்கு வைத்த பெயரே 'காபி மோப்பர்கள்'.

இதில் ராஜாவின் மூளையை நான் மெச்சித்தான் ஆக வேண்டும். சாராயத்தைக் கிணற்றில் ஒளிக்கலாம், புகையிலையைக் கூரையில் செருகலாம், காபி வறுபடும் வாசனையை ஒளிக்க இடமே கிடையாது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வறுத்தாலும் மூன்று தெரு தள்ளி இருக்கிற வாத்தியாருக்குத் தெரியும், தூக்குச் சட்டியோடு வந்து நிற்பார். பிரஷ்யாவில் இருந்திருந்தால் எனக்கு ஒரே வழிதான்: பக்கத்து அடுப்பில் கருவாடு வறுத்திருப்பேன். பெர்லின் தெருவில் ராஜா காபி அரைப்பது போல ஒரு கேலிச்சித்திரத்தை ஒட்டிவைத்திருந்தார்களாம். குதிரையில் வந்த ராஜா, ஜனங்கள் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு, அதைக் கொஞ்சம் கீழே இறக்கி ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் என்கிறார்கள். இந்த ஒரு கதைக்காக அவர் பாவத்தில் கால்வாசியைத் தள்ளுபடி செய்கிறேன். 1786-ல் அவர் கண்ணை மூட, அடுத்த வருஷம் மோப்பர்களும் வீட்டுக்குப் போனார்கள்.

போகிற போக்கில் ஒன்றை விட்டுவிட்டுப் போனார்கள். நிஜக் காபி கைக்கு எட்டாத ஜனங்கள் பார்லி, ரை தானியம், ஓக் மரக் கொட்டை என்று கையில் கிடைத்ததை எல்லாம் வறுத்துக் குடித்துப் பார்த்ததில், கடைசியில் நிலைத்தது சிக்கரிக் கிழங்கு. 1806-ல் நெப்போலியன் ஆங்கிலேய வியாபாரத்துக்கு ஐரோப்பாவின் கதவைச் சாத்தியபோது பிரான்ஸும் சிக்கரிக்கு இறங்கியது. ராஜாக்கள் செய்த வேலையில் பிறந்த அந்தப் பஞ்சகாலப் பழக்கம் ஐரோப்பியர்கள் வழியாக நம் ஃபில்டருக்குள்ளும் இறங்கிவிட்டது. நான் சிக்கரிக்கு எதிரி இல்லை. நூற்றுக்கு இருபது வரை கேட்கிறவர்களுக்கு நானே கலந்து தருகிறேன், டிகாஷன் கள்ளிச்சொட்டாக இறங்கும். ஆனால் நம் நாட்டுச் சட்டப்படி காபி–சிக்கரிக் கலவையில் 51 சதவீதம் காபி இருந்தால் போதும். மீதி 49-ம் சிக்கரியாக இருக்கலாம், பாக்கெட்டில் அச்சடித்தால் சரி. அடுத்த முறை பொடி வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பி அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள், கொட்டை வறுத்த தேதியையும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள், அது என் கடையாக இருந்தாலும்.