ஊழியரும் ஊழியக்காரரும்

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ‘உலக வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வா’ என்று பாஸ்டர் கூப்பிடுகிறார். போகலாமா?
– வேலையை விட மனசில்லாதவன், சென்னை

பதில்: போகிறவர் போகலாம். பேதுரு வலையை விட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் பவுல், கொரிந்துவில் ஆக்கில்லா தம்பதியோடு தங்கிக் கூடாரத் தொழில் செய்துகொண்டே பிரசங்கமும் செய்தார். ‘நாங்கள் என்ன செய்ய வேண்டும்’ என்று வரி வசூலிப்பவர்கள் கேட்டபோது, யோவான் ஸ்நானகன் ராஜினாமா கடிதம் கேட்கவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார், அவ்வளவுதான். நம் தாலுகா ஆபீசில் இருப்பவருக்கும் ‘அரசு ஊழியர்’ என்றுதான் பெயர். அவர் கை நீட்டாமல் ஒரு பட்டா மாற்றிக் கொடுத்தால் அதுவும் ஊழியம்தான், அற்புதங்களில்கூடச் சேர்க்கலாம். இன்னொன்று: சபையில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டால் தசமபாகம் யார் போடுவது? பாஸ்டரிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: உழைப்பு என்பதே ஆதாமுக்குக் கிடைத்த சாபம்தானே?
– திங்கட்கிழமைப் பகைவன், திருச்சி

பதில்: ஒரு அதிகாரம் தள்ளிப் படிக்கிறீர்கள். தோட்டத்தைப் பண்படுத்த ஆதாமை வைத்தது ஆதியாகமம் 2-ஆம் அதிகாரம். பழம் தின்றது 3-ஆம் அதிகாரம். சாபத்தில் வந்தவை முள்ளும் வேர்வையும். நடுவில் வந்தது பாம்பு. உங்கள் ஆபீசில் அது எந்த சீட்டில் இருக்கிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: செருப்பில் சிலுவை போடுவதைவிட, நல்ல செருப்பாகத் தைப்பதே கிறிஸ்தவனின் கடமை என்று மார்ட்டின் லூதர் சொன்னாராமே?
– வாட்ஸ்அப்பில் படித்தவர், மார்த்தாண்டம்

பதில்: அவர் எழுத்துகளில் அப்படி ஒரு வரி கிடையாது. வாக்கியம் நன்றாக இருந்தால் யார் தலையிலாவது கட்டிவிடுவது வழக்கம். அங்கே லூதர், இங்கே அப்துல் கலாம். ஆனால் சாயல் அவருடையதுதான். செருப்பு தைப்பவரும் கொல்லரும் உழவரும் தத்தம் தொழிலில் இருந்தபடியே குருக்கள்தான் என்று 1520-ல் ஜெர்மன் பிரபுக்களுக்கு எழுதினார். துறவிக்கு மட்டும் உரியதாக இருந்த ‘அழைப்பு’ என்ற பெருமையை ‘பெரூஃப்’ என்ற சொல்லில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்பியவர் அவர். இன்றைக்கு ஜெர்மனியில் பெரூஃப் என்றால் வெறும் தொழில். அங்கே சொல்லிலிருந்து கடவுள் கழன்றுகொண்டார். இங்கே ‘ஊழியம்’ என்ற சொல் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

கேள்வி: அவரவர் தொழிலே அழைப்பு என்றால், சாதித் தொழிலுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது மாதிரி ஆகிவிடாதா?
– சந்தேகப் பேர்வழி, நாகர்கோவில்

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். ‘இருக்கும் நிலையிலேயே இரு’ என்ற வாடை லூதரிடம் உண்டு. அதை அப்படியே இங்கே இறக்கியிருந்தால் பனையேறியின் பேரனும் பனையில்தான் இருந்திருப்பார். மதம் மாறியவர்கள் பலருக்கு முதலில் பறிபோனது பிழைப்பு. மங்களூரில் பாசல் மிஷன் அதற்காகத்தான் நெசவுக்கூடம் போட்டது. 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலையும் வந்தது. தாத்தா வீட்டுக் கூரையில் மங்களூர் ஓடு இருந்தால் திருப்பிப் பாருங்கள், அந்த முத்திரை இருந்தாலும் இருக்கும். உங்கள் ஊரிலேயே, மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். ‘இரு’ என்று மட்டும் சொல்கிற அழைப்பு பாதி அழைப்பு; ‘எழுந்து வா’ என்பது மீதி.

இதைச் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தால் பாவம். தொழிலில் உடைந்த சாதி, சபைக்குள் வேறு வாசல் வழியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் வரை அதற்கு இடம் போட்டிருக்கிறது.

கேள்வி: தேவ அழைத்தல் எப்படி வரும்? கனவிலா?
– கல்லூரி மாணவி, வேலூர்

பதில்: உங்கள் ஊர் ஆஸ்பத்திரியைக் கேளுங்கள். ஐடா ஸ்கடர், மிஷனரி மட்டும் ஆகிவிடக் கூடாது என்று உறுதியாக இருந்த மிஷனரி வீட்டுப் பெண். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆண்கள் கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவிக்கும் பிரசவ வேதனை. ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்றார்கள். ஐடாவோ டாக்டர் இல்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பியவர், 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். கனவுக்காகக் காத்துத் தூங்கியிருந்தால் கதவு தட்டிய சத்தம் காதில் விழுந்திருக்காது.

கேள்வி: ‘சமையலும் ஒரு ஊழியம்தாம்மா’ என்கிறார் என் வீட்டுக்காரர், சோபாவில் இருந்தபடி.
– அடுப்படி ஊழியக்காரி, பாளையங்கோட்டை

பதில்: தகப்பன் குழந்தையின் பீத்துணி அலசுவதைப் பார்த்து ஊர் கேலி செய்தாலும், கடவுளும் தூதர்களும் மகிழ்ந்து சிரிப்பார்கள் என்று லூதர் 1522-ல் எழுதியிருக்கிறார். ஐந்நூறு வருஷமாக அந்த ஊழியத்துக்கு ஆள் தேவை. அவரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்றே செய் என்ற வசனத்தை முதலாளி சுவரில் மாட்டியிருக்கிறார். சம்பளம் மட்டும் ஏறவில்லை.
– பில் போடுபவர், தூத்துக்குடி

பதில்: கொலோசெயர் 3:23. அது அடிமைகளைப் பார்த்து எழுதிய பகுதி. தெரிந்துதான் மாட்டினாரா? அடுத்த அதிகாரத்தின் முதல் வசனம் எஜமான்களுக்கு. வேலைக்காரருக்கு நியாயமானதைக் கொடு என்கிறது. அதையும் பிரேம் போட்டு அவருக்கு கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுங்கள். போனஸ் கைக்கு வந்த பிறகு கொடுப்பது விவேகம்.

கேள்வி: ஞாயிறு ஆராதனை நேரத்தில் மேனேஜர் போன் மேல் போன் போடுகிறார். லீவு என்று பைபிளில் எங்காவது இருக்கிறதா?
– சைலண்ட் மோடு, ஓசூர்

பதில்: ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை எல்லாருக்கும் பேர் சொல்லி லீவு இருக்கிறது. எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது என்பதை மட்டும் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.