குரக்களிக்குக் குடித்த பால்

பகாவ் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் என்று சிரம்பானில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பால் வெட்டியதெல்லாம் அம்மாவும் அப்பாவும். நான் மங்கு துடைத்ததோடு சரி. இப்போது நாற்காலிப் பிழைப்பு. ஆனால் நடுராத்திரியில் கெண்டைக்காலில் குரக்களி இழுத்தால், நான் போடும் கூச்சலுக்குப் பக்கத்து வீட்டு விளக்கு எரியும்.

“மேட்டுக்காடு ஏறிப் பால் வெட்டுன எனக்கே பிடிக்கல, குந்திக்கிட்டே இருக்கிற உனக்கு என்னடா?” என்பார் அம்மா.

கால்சியம் குறைச்சல் என்று நானே முடிவுகட்டி, ராத்திரி பெரிய கிளாஸில் பால், அதன் மேல் ஒரு மாத்திரை என்று வைத்தியம் பார்த்தேன். குரக்களி அசரவில்லை, தொப்பைதான் வளர்ந்தது.

பிறகுதான் பள்ளியில் தூங்கிக் கோட்டைவிட்ட பாடத்தைத் தேடிப் படித்தேன். தசைநாருக்குள் ஒவ்வொரு நுண்ணிழையையும் சுற்றி மெல்லிய சவ்வுப் பைகள் பின்னிக் கிடக்கின்றன. இத்தாலியரான வெராட்டி 1902இலேயே பார்த்து எழுதிவிட்டார். உலகம் மறந்துபோய், 1950களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் மறுபடி கண்டெடுத்தது. தசையின் கால்சியம் அந்தப் பைகளில்தான் அடைந்திருக்கிறது. நரம்பு உத்தரவு போட்டால் கதவு திறந்து கொட்டும், தசை சுருங்கும். தளர வேண்டுமானால் கொட்டியதைத் திரும்ப உள்ளே இறைத்தாக வேண்டும். இரண்டு கால்சியம் அயனிக்கு, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. செத்த உடம்பு விறைப்பதும், ஏடிபி தீர்ந்து பிடித்த பிடியை விட வழியில்லாமல் போவதால்தான்.

குரக்களியோ பெரும்பாலும் நரம்பு விடாமல் உத்தரவு போடுவதால் வருவது. சரக்கு நிறைந்த கிடங்குக்கு நான் மேலும் லாரி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கால்சியத்தில் தவறியவன் நான் மட்டுமல்ல. ஆங்கிலேய மருத்துவர் சிட்னி ரிங்கரின் ஆய்வகத்திலும் தவறு நடந்தது. தவளை இதயத்துக்கான உப்புக் கரைசலைக் காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் லண்டன் குழாய்த் தண்ணீரில் கலந்துவிட்டார்கள். அதிலிருந்த கால்சியம்தான் இதயத்தைத் துடிக்க வைத்தது என்று 1883இல் அவரே எழுதினார். தண்ணீரில் தவறி அவர் பேர் வாங்கினார். பாலில் தவறி நான் பெரிய சைஸ் சிலுவார் வாங்கினேன்.

ஒரு லாபம் உண்டு. தளர்ந்து கிடக்கவும் தசை உழைக்கிறது என்று தெரிந்தபின் மனசாட்சி உறுத்துவதில்லை. ஞாயிறு மத்தியானம் சோபாவில் சாய்ந்திருக்கையில், “சும்மாதானே கிடக்கிறீங்க?” என்று மனைவி கேட்டால், “கால்சியம் இறைச்சுக்கிட்டு இருக்கேன்” என்கிறேன். குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து இறைக்கச் சொல்கிறாள்.