உப்பிட்ட உலகமும் பச்சைத்தோல் உலகமும்: தனியாட்டம், கூட்டாட்டம் குறித்த ஆம்பூர்வழி ஆராய்ச்சி

மாயப்புனைவு வேட விளையாட்டு எனப்படுவது, ஆடுபவர் ஒரு கற்பனை வீரனின் உருவை ஏற்று, அரக்கரும் டிராகன்களும் மந்திரவாதிகளும் மலிந்த ஒரு நாட்டில் சுற்றித் திரிந்து, வெட்டியும் வென்றும் கண்டதைப் பொறுக்கியும் படிப்படியாக வலிமை பெறும் கணினி விளையாட்டு வகையாகும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசை விளையாட்டு இதன் பாட்டன்; நான்கைந்து பேர் கூடிப் பகடை உருட்டிய அந்த ஆட்டம் கணினிக்குள் புகுந்தபின் பாகப்பிரிவினை கண்டது. ஒருவர் மட்டும் கணினியோடு ஆடுவது தனியாட்டம். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் தொடங்கிவைத்த முறையில், பலர் ஒரே உலகத்தில் ஒரே நேரத்தில் உலவுவது கூட்டாட்டம். இவ்விரண்டில் எதைக் கொள்வது என்னும் ஐயம் வாணியம்பாடி முதல் ராணிப்பேட்டை வரை பாலாற்றங்கரை நெடுகிலும் இளைஞரின் உறக்கத்தைக் கெடுத்துவருகிறது. அதைத் தீர்க்கும் அளவுகோல் இவ்வட்டாரத்தின் தோல் தொழிலிலேயே உள்ளது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இலக்கணம் கற்றோர் இவ்விடத்தில் தனியாட்டம் அகம், கூட்டாட்டம் புறம் என்று கூறிவிட்டு எழுந்து போக விரும்புவர். அதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. அகத்திணையில் தலைவனின் இயற்பெயரைச் சொல்லலாகாது. புறத்திணையில் பெயரும் ஊரும் குடியும் தாராளமாக வரும். 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்த ஸ்கைரிம் என்னும் தனியாட்டத்தில், ஆடுபவர் அரைமணி நேரம் யோசித்துத் தமக்கொரு பெயர் சூட்டிக்கொண்டாலும், ஊரார் எவரும் அப்பெயரை வாயெடுத்துச் சொல்வதில்லை. டிராகன் குருதியில் வந்தவர் எனப் பொருள்படும் ‘டிராகன்பார்ன்’ என்ற பொதுப்பெயரே கடைசிவரை நிலைக்கிறது. 2004 நவம்பரில் தொடங்கிய வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்னும் கூட்டாட்டத்திலோ பெயர் தலைக்குமேல் மிதக்கிறது, அதன் கீழே குழுவின் பெயரும் மிதக்கிறது. ஆயினும் அகத்துக்குத் தோழி வேண்டும். ஸ்கைரிமில் உடன்வரும் லிடியா என்னும் காவற்பெண் மூட்டை சுமக்கிறாளே தவிர ஒரு நாளும் தூது போனதில்லை. ஆகவே இக்கொள்கையை இங்கேயே விட்டுவிடுவது நல்லது.

இனி உப்பு. உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். சித்திரை வெயிலில் அந்தச் சில மணி நேரமும் சுருங்கும். அதைத் தடுக்கத் தோலின் எடையில் மூன்றிலொரு பங்குக்கும் பாதிக்கும் இடைப்பட்ட அளவு கல்லுப்பைச் சதைப்பக்கத்தில் தேய்த்து அடுக்கிவிட்டால், தோல் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். விலை ஏறும்வரை மண்டியிலும், ஆர்டர் வரும்வரை டேனரியிலும் காத்திருக்கும். அடுக்கிலிருந்து ஒரு தோலை எடுத்து இருவர் இருபுறமும் பிடித்து உதறினால், பரல் பரலாக உப்பு சிமெண்ட் தரையில் சலசலவென்று உதிரும். உதறுபவர் விரலில் நகக்கீறல் இருந்தாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். தனியாட்டத்தில் ‘சேவ்’ எனப்படும் சேமிப்பு இந்த உப்பேயாகும். ஆட்டத்தை இருந்த நிலையில் பதிந்துவைத்துவிட்டு எழுந்தால், ஆறு மாதம் கழித்து வந்தாலும் அதே குகை, அதே தீப்பந்தம், வாய்பிளந்து நிற்கும் அதே அரக்கன். கூட்டாட்டம் உப்பிடாத பச்சைத்தோல். அது எவருக்காகவும் காத்திராது.

இவ்வொப்புமை கட்டுரையின் வசதிக்காகப் புனையப்பட்டது என்று கருதுவோர், விளையாட்டுகளுக்குள்ளேயே நடக்கும் தோல் தொழிலை உற்றுநோக்க வேண்டும். ஸ்கைரிமில் தோல் பதனிட ஒரு மரச்சட்டம் உண்டு. அதன்முன் போய் நின்றால் மாட்டுத்தோலுக்கு இரண்டும் ஆட்டுத்தோலுக்கு ஒன்றுமாகப் பதனிட்ட தோல் நொடியில் கைக்கு வந்துவிடும். ஊறவைத்தல் இல்லை, சுண்ணாம்பு இல்லை, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இல்லை, குரோமியம் ஏறி நீலம் பாரித்த வெட் ப்ளூ இல்லை, கழிவுநீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. அந்நாட்டில் உப்பு கிடைக்காமலுமில்லை. சமையலுக்கும் மருந்துக்கும் அது பயன்படுகிறது, தோலுக்கு மட்டும் கேட்பாரில்லை. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்ககால விதிகளிலோ தோல் தொழில் ஒரு முறையான கைத்தொழில். முரட்டுத் தோலைப் பக்குவப்படுத்தப் பாறையுப்பைத் தூய்மை செய்தாக வேண்டும், அதற்கான உப்புக்குலுக்கியை ஒருமுறை பயன்படுத்தினால் மறுமுறைக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். காரணம் வெளிப்படை. உலகம் முழுவதும் உப்பிடப்பட்டுள்ள இடத்தில் தோலுக்குத் தனியே உப்பு தேவையில்லை. எதுவும் நிற்காத உலகத்தில்தான் உப்புக்கு மூன்று நாள் வரிசை.

நடைமுறைச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டியதில்லை, அடுக்களை ஒன்று போதும். இரவு ஏழரை மணிக்கு உள்ளிருந்து, “டேய், உப்பு தீந்துபோச்சு, ஒரு எட்டு கடைக்குப் போய்ட்டு வாடா” என்று அம்மாவின் குரல் வருகிறது எனக் கொள்க. தனியாட்டக்காரர் ஒரு பொத்தானை அழுத்துவார். டிராகன் சிறகு விரித்தபடி அந்தரத்தில் நிற்கும், அது கக்கிய நெருப்பும் நிற்கும், அவர் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படலாம். கூட்டாட்டக்காரரோ முதலில் “வர்றேம்மா” என்பார், அடுத்து “ரெண்டே நிமிஷம்மா” என்பார். மூன்றாம் குரல் அம்மாவினுடையதாக இராது. இதை உப்புச் சோதனை எனப் பெயரிடலாம். இதற்குப் பிடிகொடாத விதிவிலக்குகளும் உள. 2022-இல் வந்த எல்டன் ரிங் பெரும்பாலும் தனியே ஆடப்படுவதாயினும் அதில் ஆட்டத்தை நிறுத்திவைக்கவென்று பொத்தான் இல்லை. 2012 மே 15 அன்று வெளிவந்த டயாப்லோ 3 இன்னும் விபரீதமானது. கணினியில் தனியாக ஆடுவோரும் இணையத்தில் இணைந்தே தீரவேண்டும் என்று அது விதித்ததால், முதல் நாள் நெரிசலில் உலகெங்கும் பலர் ‘பிழை 37’ என்ற அறிவிப்பை மட்டுமே ஆடினர். இதனைப் பெருந்திணை என்க. பொருந்தாக் காமத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கூட்டாட்டத்தின் பெருமையையும் மறைத்தல் நேர்மையாகாது. ஒரு பெரும் பகைவனை வீழ்த்தப் பலர் திரளும் படையெடுப்புக்கு ‘ரெய்டு’ என்று பெயர். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்கத்தில் அதற்கு 40 பேர் தேவைப்பட்டனர். ஆம்பூர் பிரியாணி ஒரு பிளேட்டுக்கென்று வேகவைக்கப்படுவதில்லை. தேக்சா நிறைய அரிசியும் கறியும் ஏறி, மூடியின்மேல் கங்கு கொட்டி, தம் போட்டால்தான் அது பிரியாணி, தனியொருவருக்குக் குக்கரில் வைத்தால் அது வெறும் பசியாறல். நாற்பது பேர் ஒருசேர மூச்சைப் பிடித்து நிற்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு நிகரானது தனியாட்டத்தில் இல்லை. ஆனால் தம் போட்ட தேக்சாவை நடுவில் திறக்க முடியாது. மேலும் அந்த நாற்பதின்மர் ஐரோப்பியராயின், குளிர்காலத்தில் அவர்களது இரவு 8 மணி ஆம்பூரில் நள்ளிரவு 12.30. ஷூ ஏற்றுமதியால் ஐரோப்பியக் கெடுவுக்கு இவ்வூர் பழகியதுதான் என்றாலும், விடிந்ததும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கூட்டு என்று வந்தபின் மேல்மடை, கீழ்மடை என்ற பேதமும் வந்துவிடுகிறது. 2005 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் ஒரு ரெய்டுக் களத்தில் ஹக்கார் என்னும் பகைவன் ஏவிய இரத்தநோய், ஆடுவோரின் வளர்ப்பு விலங்குகளோடு வெளியேறி நகரங்களுக்குள் புகுந்து, அப்பகைவனை முகம்பார்த்தறியாத புதுவரவுகளைக் கொத்துக்கொத்தாய்ச் சாய்த்தது. நடத்துநர்கள் சர்வரை மீளமைத்தே அதை அடக்கினர். 2007-இல் லான்செட் குழும மருத்துவ இதழொன்றில் இது கொள்ளைநோய் ஆய்வுக்கு உதவும் நிகழ்வாக எடுத்துப் பேசப்பட்டது. டேனரிக் கழிவு கலக்கும் பாலாற்றின் போக்கில் வாணியம்பாடிக்குக் கீழே ஆம்பூரும், ஆம்பூருக்குக் கீழே வேலூரும் இருப்பதை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை.

இப்பகுதியில் தனியா, கூட்டா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றமே எழுப்பியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த தீர்ப்பு, டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்வதோ தனிக் கருவி அமைப்பதோ, இரண்டிலொன்றை அவ்வாண்டு நவம்பர் 30-க்குள் முடிக்கச் சொன்னது. கூட்டை நாடியோர்க்கென அமைந்த நிலையங்களின் பெயர்கள் வாணிடெக், ஆம்பூர்டெக், ரானிடெக், விஷ்டெக். தலைக்குமேல் மிதக்கும் குழுப்பெயர்களாக இவற்றை மாட்டினால் எவருக்கும் ஐயம் தோன்றாது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்று அத்தீர்ப்பு வலியுறுத்திய கோட்பாட்டின் தமிழ் வடிவம், உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதே.

அவ்வுப்பிலேயே தனியாட்டத்தின் குறையும் அடங்கியுள்ளது. தோலைக் காத்த உப்பு ஊறல்நீரில் கரைந்தபின் அதைப் பிரித்தெடுப்பதே கழிவுநீர் சுத்திகரிப்பில் ஆகக் கடினமான வேலை. சவ்வுகளில் வடிகட்டி, ஆவியாக்கி, கடைசியில் எதற்கும் ஆகாத கலப்பு உப்பாய்க் குவிந்துவிடுகிறது. சேமிப்பும் மிகுந்தால் இதே கதிதான். ஸ்கைரிமில் காவலனின் பையில் கைவிட்டு அகப்பட்டவர் எண்ணிலடங்கார். சிறைக்குப் போனவரைக் காண்பது அரிது. ஏனெனில் அகப்பட்ட கணமே முந்தைய சேமிப்புக்குத் திரும்பிவிடுகின்றனர். இப்படி ஒரு தவறும் செய்யாத உத்தமனாக இருநூறு சேமிப்புகளுடன் வளரும் வீரனின் கதையில் உப்பிருக்கும், ருசியிராது. எதிர்ப்பக்கத்தில், 1999-இல் தொடங்கிய ஆஷரன்ஸ் கால் என்னும் கூட்டாட்டம் 2017 ஜனவரி 31 அன்று மூடப்பட்டபோது, பதினேழு ஆண்டு வளர்ந்த வீரர்களும் அவர்களது வீடுகளும் ஒருநாளில் இல்லாமற் போயினர். அழுகுவதா, கரிப்பதா என்று கேட்டால் கரிப்பதே மேல் என்னும் பக்கம் இவ்வாராய்ச்சி சாய்கிறது. அதுவும் அடுக்களை ஒன்றாகவும் கடைக்குப் போக ஆள் ஒருவராகவும் உள்ள வீடுகளில்.

உப்புச் சோதனையில் இனி ஒன்றே எஞ்சியுள்ளது. கடைக்குப் போனவர் தூளுப்புப் பாக்கெட்டுடன் திரும்புகிறார். ஊறுகாய்க்குக் கேட்டது கல்லுப்பு என்று அப்போதுதான் தெரியவருகிறது. கூட்டாட்டக்காரராயின் அவரை நாற்பதின்மர் பட்டியலிலிருந்து நீக்கி வேறொருவரைச் சேர்த்தாயிற்று. தனியாட்டக்காரர் மீண்டும் செருப்பை மாட்டுகிறார். டிராகன் இன்னும் அந்தரத்திலேயே நிற்கிறது.