குதிரையும் குழியும்

பழைய ஃபெராரி எஃப்355 ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

வாங்குங்கள். கூடவே மெக்கானிக்கைப் பார்த்துவர இன்னொரு வண்டியும். எஃப்355-இல் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். மாற்றாமல் விட்டு, அந்த ரப்பர் பட்டை அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான்! (1999-இல் வந்த ஃபெராரி 360-இல், பெல்ட்டை எட்ட சீட்டுக்குப் பின்னால் ஒரு மூடி வைத்தார்கள். புண்ணியவான்கள்.)

காற்றில் குளிரும் பழைய போர்ஷே 911-இல் தண்ணீர் ஒழுகாதாமே?

இல்லாத தண்ணீர் எப்படி ஒழுகும்? ஒழுகுவது ஆயில். அதன் அளவையும் எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால் குறைவாகக் காட்டும். நம்பி ஊற்றினால் புகைதான்.

ஓட்டாமல் ஷெட்டில் மூடி வைத்தால் செலவு மிச்சம்தானே?

ஓடாத டயருக்கும் வயதாகும். அதன் பக்கவாட்டில் 2306 என்றிருந்தால், 2006-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்தது. பட்டன் தேயவில்லையே என்று மகிழாதீர்கள். 18 வயது தாண்டியதால் அதற்கு ஓட்டுப் போடும் உரிமை வேண்டுமானால் உண்டு. உங்களுக்கு அதை ஓட்டும் உரிமை இல்லை.